விளம்பரங்களில் பருமனான பெண்களைக் காட்டுவது உண்மையான மாற்றமா, வெறும் வியாபாரமா?

இரண்டும்தான். கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருடம் போட்டோ ரீடச்சிங், அதாவது எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தும் வேலை, செய்தவள் நான். புடவை, நகை, முகத்துக்குப் போடும் கிரீம் என்று பல விளம்பரப் படங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன.

போட்டோஷாப்பில் லிக்விஃபை என்று ஒரு வசதி உண்டு. பிரஷ்ஷை இடுப்பில் வைத்து உள்ளே தள்ளினால் இடுப்பு ஒடுங்கிவிடும். கட்டம் போட்ட புடவை என்றால்தான் பாடு. இடுப்போடு சேர்ந்து கட்டங்களும் வளைந்துபோகும். ஒவ்வொரு கோடாக நிமிர்த்த வேண்டும், அரை நாள் ஓடிவிடும். இவ்வளவும் ஏற்கெனவே ஒல்லியாக இருந்த மாடல்களுக்குத்தான். ஒருமுறை ஒரு பெண் அடுத்த ஷூட்டிங்குக்கு வந்தபோது என் திரையில் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது என் இடுப்பு இல்லையே" என்றாள். கோபப்படவில்லை, குரல்தான் இறங்கிப்போயிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து ஏங்கியவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கேட்பதில்லை. படத்தில் இருந்தவளுக்கே அந்த உடம்பு கிடையாது.

அதனால் டவ் 2004-இல் 'ரியல் பியூட்டி' என்று தொடங்கியதை நான் மதிக்கிறேன். வெவ்வேறு உடல்வாகு கொண்ட பெண்கள் வெள்ளை உள்ளாடையில் சிரித்தபடி நின்றார்கள். 2006-இல் வந்த 'எவல்யூஷன்' என்ற சின்னப் படத்தில், ஒரு பெண்ணின் கழுத்தைக் கம்ப்யூட்டரில் நீட்டி, கண்ணைப் பெரிதாக்கி, கடைசியில் ஹோர்டிங்கில் ஏற்றுவதைக் காட்டினார்கள். அப்படியே என் வேலை!

ஆனால் அந்த 2004 விளம்பரம் விற்ற பொருள், சருமத்தை இறுக்கும் கிரீம். உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இதையும் பூசிக்கொள் என்றால் என்ன அர்த்தம்? டவ்வை விற்கும் அதே யூனிலீவர் குழுமம்தான் நம் ஊரில் ஃபேர் அண்ட் லவ்லி விற்றது. பெயரிலிருந்து 'ஃபேர்' போனது 2020-இல்தான்.

சரி, எதை நம்பலாம்? ரீடச்சிங் மேசைக்கு வரும் விதியை. பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து, விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை ஒல்லியாகவோ குண்டாகவோ மாற்றியிருந்தால் 'திருத்தப்பட்ட படம்' என்று போட வேண்டும். மீறினால் 37,500 யூரோ அபராதம். நார்வேயிலும் 2022 ஜூலையில் இதுபோன்ற சட்டம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறவர்களையும் அது கட்டுப்படுத்தும். யூனிலீவரே 2021-இல், தன் விளம்பரங்களில் உடல் அளவையும் சரும நிறத்தையும் கம்ப்யூட்டரில் மாற்ற மாட்டோம் என்று அறிவித்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு போடுவதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குறிப்பைப் படித்தாலும் கண் படத்தைத்தான் நம்புகிறது.

அப்புறம் இன்னொன்று. பருமனான பெண் விளம்பரத்தில் வந்தால், பெரும்பாலும் அவள் உடம்பைப் பற்றித்தான் அந்த விளம்பரமே இருக்கும். தன்னம்பிக்கை, துணிச்சல் என்று ஏதாவது பேச வைப்பார்கள். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு சும்மா சிரித்துவிட்டுப் போக அவளை விடுவதில்லை.

நான் 2.8 அளவு வளையல் போடுகிறவள், அதுவும் சோப்புத் தடவித்தான் ஏறும். நான் திருத்திய நகை விளம்பரங்களில் அப்படி ஒரு கை வந்ததே இல்லை. அப்படி ஒரு கை, மணிக்கட்டுச் சதையோடு, பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் இல்லாமல் வரட்டும். அன்றைக்கு மாற்றம் என்று நானே சொல்வேன்.