பத்தமடைப் பாயில் கரும்புள்ளி

கல்யாணப் பாயை பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்ததில் கரும்புள்ளி வந்துவிட்டது, சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அது பூஞ்சை. பத்தமடைப் பெண்கள் கோரையைக் கீறி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி நூல் மாதிரி மெல்லிசாகக் கிழித்துப் பருத்திப் பாவில் (நீளவாக்கில் கட்டும் நூலில்) நெய்கிறார்கள். அந்தப் பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டால் லேசில் காயாது, சாயமும் இறங்கலாம். முதலில் வெளியே கொண்டுபோய் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள் (மூக்கைக் கட்டிக்கொண்டு). அப்புறம் ஒட்டப் பிழிந்த துணியால் கோரை ஓடும் திசையிலேயே துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு பக்கமும் உலர்த்துங்கள். ஆழமாக இறங்கிய புள்ளி முழுசாகப் போகாது, அதற்காக பிளீச் போட்டுவிடாதீர்கள். இனி மடிக்காமல் சுருட்டிப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் கோரை முதலில் ஒடியும்.