பிரைமரியில் பிடித்தவருக்கு ஓட்டா, ஜெயிப்பவருக்கு ஓட்டா?

அமெரிக்காவில் பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று பார்த்து ஓட்டுப் போடலாமா என்று கேட்கிறீர்கள். இருவரையும் ஏறக்குறைய ஒரே அளவு பிடித்திருந்தால் பார்க்கலாம். மற்றபடி அந்தக் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

2004-இல் ஜனநாயகக் கட்சியில் ஈராக் போரை எதிர்த்த ஹோவர்ட் டீனுக்குத்தான் ஆரவாரம் அதிகம். ஆனால் அயோவா மாநிலத்தின் காக்கஸில் (கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்வு செய்யும் கூட்டம்) அவருக்கு மூன்றாமிடம். ஜான் கெர்ரி முதலிடம். கெர்ரி வியட்நாமில் பதக்கம் வாங்கியவர், போர்க்காலத்தில் அப்போதைய அதிபர் புஷ்ஷுக்கு ஈடுகொடுப்பார் என்பது கணக்கு. அப்புறம் என்ன, அந்தப் போர்ச் சேவையையே சந்தேகப்படுத்தி டிவியில் விளம்பரம் வந்தது. கடைசியில், அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் ஓட்டுகளில் புஷ் 286, கெர்ரி 251.

2016-இல் 'இவராவது ஜெயிப்பதாவது' என்று பலர் சிரித்த டிரம்ப் ஜெயித்தார். 2020-இல் பைடனிடம் கணக்கு பலித்தது, அதுவும் அயோவாவில் நான்காமிடத்துக்குப் போன பிறகு.