சக்கரை இல்லாத கோலா: கேளுங்க, சொல்றேன்

மதுரைப் பக்கம் ஒரு கலர் கம்பெனில, அதாங்க கூல்டிரிங்க்ஸ் கம்பெனில, சிரப் ரூம் பாத்துக்கிறேன். சுகர் ஃப்ரீ கோலா பத்தி நீங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் இந்தா.

மேலூர் தம்பி: அண்ணே, சின்னதா சோடா கம்பெனி வச்சிருக்கோம். சக்கரைய எடுத்துட்டு சுக்ரலோஸ் போட்டா முடிஞ்சுது, இதுல என்னண்ணே கஷ்டம்?

கணக்க மட்டும் பாத்தா ஈஸிதான் தம்பி. 300 மில்லி பாட்டில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோ சக்கரை போகும், சுக்ரலோஸ் 600 மடங்கு இனிப்புங்குறதால 50 கிராம் போதும். அதனால தராசு நல்லா இருக்கணும், மூட்டை நிறுக்குற தராசெல்லாம் ஆகாது, அந்தப் பொடிய முதல்ல தண்ணில நல்லா கரைச்சுட்டுதான் டேங்க்ல ஊத்தணும், இல்லைன்னா ஒரு பாட்டில் தித்திக்கும் இன்னொன்னு சப்புனு இருக்கும். ஆனா நிஜமான தலைவலி வாய்லதான். சக்கரை நாக்குல பட்டதும் இனிச்சு உடனே போயிரும், சுக்ரலோஸ் லேட்டா வந்து போகமாட்டேன்னு உக்காந்துக்கும். இதுல சக்கரை குடுக்குற கனம் வேற இல்லையா, கோலா தண்ணியா தெரியும், புளிப்பு தனியா துருத்திக்கிட்டு நிக்கும். அதான் பெரிய கம்பெனிக்காரங்க ரெண்டு மூணு இனிப்பக் கலக்குறாங்க. லேபிள்ல 950னா அசெசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ். நீயும் கலந்து பாரு, புளிப்பையும் கொஞ்சம் கொறைக்க வேண்டி வரும்.

வாடிப்பட்டி கடைக்காரர்: சித்திரை வெயில்ல வெளிய அடுக்கி வச்ச டயட் பாட்டில் இனிப்பே இல்லாம போச்சு. டூப்ளிகேட்டா?

அஸ்பார்டேம் போட்டதா இருக்கும்ணே. அது சூட்டுல கொஞ்சங் கொஞ்சமா உடைஞ்சு இனிப்ப இழந்துரும். சுக்ரலோஸ் இம்புட்டு சீக்கிரம் உடையாது. எதுவா இருந்தாலும் நெழல்ல வைங்க, பிளாஸ்டிக் பாட்டில்ல கேஸும் போயிரும்.

அனுப்பானடி அக்கா: வீட்டுக்காரருக்கு சுகர். குடிக்கலாமா?

சக்கரை கோலா அளவுக்கு சுகர் ஏத்தாதுக்கா. 1952ல அமெரிக்காவுல நோ-கால்னு சக்கரை இல்லாத சோடா வந்ததே சுகர் பேஷண்ட்டுகள மனசுல வச்சுதான். 2023ல உலக சுகாதார நிறுவனத்துக்காரங்க அஸ்பார்டேம புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம்ங்குற லிஸ்ட்ல சேத்தாங்க, நியூஸ்ல எல்லாம் வந்துச்சே, ஆனா ஒரு நாளைக்கு உடம்பு எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம்ங்குற பழைய வரம்ப மாத்தல. 70 கிலோ ஆளு அதத் தாண்டணும்னா தெனம் ஒம்போது கேனுக்கு மேல குடிக்கணும். அதுக்காக தண்ணிக்கு பதிலா குடிக்கச் சொல்லாதீங்க, அதுல இருக்குற ஆசிட் பல்லுக்கு ஆகாது. எடை கொறைக்க இத நம்பாதீங்கன்னும் அதே நிறுவனம் அதே வருஷம் சொல்லிருச்சு. மத்தபடி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கக்கா.

செல்லூர்ல இருந்து: பிரிக்காத ரெண்டு கேன்ல எது டயட்டுன்னு லேபிள் பாக்காம கண்டுபிடிக்க முடியுமா?

வாளித் தண்ணில போடுங்க. பெரும்பாலும் டயட் மெதக்கும், சக்கரை கேன் முங்கும்.

திருமங்கலம்: டயட் கோக் இருக்கும்போது ஜீரோ எதுக்கு?

எல்லாம் யாவாரம்தான். 1963ல அந்தக் கம்பெனி விட்ட டயட் கோலாவுக்கு டேப்னு பேரு, கோக்ங்குற பேர வைக்க அவங்களுக்கே பயம். 1982லதான் தைரியமா டயட் கோக்னு விட்டாங்க, நல்லா ஓடுச்சு, ஆனா டயட்டுன்னாலே அது பொம்பளைங்க சமாச்சாரம்னு பசங்க தொடல. 2005ல ஜீரோன்னு பேரு வச்சு, அப்புறம் கறுப்புல டிசைன் போட்டு இளவட்டங்களப் புடிச்சாங்க. ருசியும் ஒன்னு இல்ல, டயட் தனி ஃபார்முலா, ஜீரோ சாதா கோக் மாதிரியே இருக்கணும்னு செஞ்சது.

மேலூர் தம்பி மறுபடி: அப்ப நாங்க "சுகர் உள்ளவங்களுக்கு"ன்னு போட்டு வித்தா? சக்கரை இல்லாததால வரியும் கொறையுமா?

வரி கொறையாது தம்பி. 2025 செப்டம்பர் 22ல இருந்து கேஸ் அடைச்ச கலருக்கு 40 சதவீதம், சக்கரை இருந்தாலும் இல்லாட்டியும் அதேதான், எனக்கு இது நியாயமாவே படல. அந்த வாசகத்த மட்டும் முன்னாடி போட்டுராத. பெட்டிக்கடைல நாலு பேருக்கு முன்னாடி "எனக்கென்ன சுகரா இருக்கு?"ன்னு கேட்டு பாட்டில திருப்பிக் குடுத்துருவாங்க. பேரு, ருசி, கூலிங் இத வச்சு வித்துக்க, சக்கரை இல்லங்குறத ஓரமா ஒரு வரி எழுதிருந்தா போதும், வேணுங்குறவங்க தேடிப் படிச்சுக்குவாங்க. ஆனா எந்த இனிப்பு போட்டிருக்கன்னு லேபிள்ல கண்டிப்பா இருக்கணும், அத ஒளிச்சா லைசென்ஸுக்கே வேட்டு.