நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் தேறிவிட்டாள், ஆனால் அரசுக் கல்லூரிக்கு அந்த மதிப்பெண் போதாது. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்ட் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அவளுடைய தாய்மாமா, நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். மகளோ வைரஸுக்கு மருந்து கண்டுபிடிக்கிற படிப்புதான் வேண்டும் என்கிறாளாம். "அதுக்கும் முதல்ல டாக்டர் ஆகணும்தானே சார்?" என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் ஆகவேண்டியதில்லை. அம்மைக் கொப்புளத்துக்கும் அக்கிக்கும் இன்று தரும் அசைக்ளோவிர் மாத்திரையைக் கொண்டுவந்த ஆய்வுக் குழுவின் தலைவர் கெர்ட்ரூட் எலியன். வேதியியலில் முதுகலை படித்தவர், முனைவர் பட்டம்கூட முடிக்கவில்லை. 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மருந்தை எழுதித் தருபவர் மருத்துவர். அந்த மூலக்கூறை உருவாக்குவது பெரும்பாலும் வேதியியலாளர்.

நர்சிங், ஆய்வகத் தொழில்நுட்பம், பி.டெக். பயோடெக் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது பி.எஸ்சி. வேதியியல். "எதுவும் கிடைக்காதவங்க சேர்ற கோர்ஸ்" என்று உங்கள் மைத்துனர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

மகளுக்குப் பிடித்திருப்பதாகச் சொல்லும் வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் கருவிகளை வைத்தே பெருகுகிறது. வைரஸை அழித்தால் போதும் என்றால் அதற்கு பிளீச்சிங் பவுடரே போதும். கூடவே செல்லும் செத்துப்போகும் என்பதுதான் சிக்கல். வைரஸைத் தடுக்கும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளப்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது. அசைக்ளோவிர் இதில் கெட்டிக்காரத்தனமானது. அக்கி போன்றவற்றைத் தரும் ஹெர்பிஸ் வகை வைரஸ் தன் வேலைக்காகச் செய்துகொள்ளும் ஒரு நொதிதான் அந்த மாத்திரையை முடுக்கிவிடுகிறது. அதனால் நோய் தொற்றாத செல்களை அது பெரும்பாலும் சீண்டுவதில்லை.

இந்த மூலக்கூறுகள் எங்கிருந்தெல்லாம் வந்தன தெரியுமா? 1950-களில் கரீபியக் கடலின் ஒரு பஞ்சுயிரியில் விசித்திரமான சர்க்கரை கொண்ட பொருள்கள் கிடைத்தன. அதைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கிய வகைகளில் ஒன்றுதான் விடாரபின் என்ற வைரஸ் மருந்து. பன்றிக் காய்ச்சல் பரவியபோது கேள்விப்பட்டிருப்பீர்களே, டாமிஃப்ளூ, அதைத் தயாரிக்கத் தொடங்கும் ஷிகிமிக் அமிலத்தை அன்னாசிப்பூவிலிருந்து எடுத்தார்கள். பிரியாணியில் போடுகிறோமே, அதே பூ. (பூவை மென்றால் காய்ச்சல் போகாது. அந்த அமிலத்தைப் பல படிகளில் மாற்றினால்தான் மருந்து.) எச்.ஐ.வி.க்கு வந்த முதல் மருந்தான ஏ.இசட்.டி. ஆய்வகத்தில் உருவாக்கியது. 1964-இல் புற்றுநோய்க்காகச் செய்து, பயன்படாமல் கிடந்து, 1987-இல் எச்.ஐ.வி. மருந்தாக அனுமதி பெற்றது.

"நம்மகிட்டதான் கீழாநெல்லி இருக்கே, ஆராய்ச்சி எதுக்கு?" என்று பெரியவர்கள் யாராவது கேட்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் குழு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த புளும்பர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்துப் பார்த்தது. 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த வெற்று மருந்தைச் சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. செடியில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, மண்ணும் பருவமும் மாறினால் அது மாறுகிறதா என்றெல்லாம் தேட ஆள் வேண்டும். உங்கள் மகள் கேட்கும் வேலை இதுதான்.

வழி இப்படி: மூன்றாண்டு பி.எஸ்சி., அப்புறம் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யிலோ வேறு நல்ல பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி., அதில் கரிம வேதியியல். அடுத்து நெட் (நீட் இல்லை) என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம், ஹைதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி நிறுவனங்கள் எல்லாம் இவளைப் போன்றவர்களுக்கான இடங்கள். மருந்தைவிட வைரஸ் மேல்தான் ஆசை என்று பிறகு தெரிந்தால், புனே தேசிய வைரலாஜி நிறுவனத்திலும் திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி. வைரலாஜி, அதாவது வைரஸ் பற்றிய படிப்பே இருக்கிறது. அதற்கு இளங்கலையில் என்ன பாடம் கேட்கிறார்கள் என்பதை இப்போதே பார்த்து, துணைப்பாடத்தை அதற்கேற்ப எடுக்கச் சொல்லுங்கள்.

செலவு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுச் செலவு சில ஆயிரங்கள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். இதே வேதியியலுக்கு லட்சங்கள் கேட்கும் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டாம், கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும். வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். முடித்து வந்தால் இங்கே தகுதித் தேர்வு எழுதவேண்டும், அதில் அண்மை ஆண்டுகளில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. ஏஜென்ட் இதைச் சொன்னாரா என்று கேளுங்கள். தேறாவிட்டால் அடமானத்தை மைத்துனர் மீட்டுத் தருவாரா என்றும்.

இந்தப் பாதையிலும் கஷ்டம் இருக்கிறது. பி.எஸ்சி.யில் தொடங்கி முனைவர் பட்டம் முடிக்கப் பத்து ஆண்டு ஆகும். செய்து பார்க்கும் நூறு பொருளில் ஒன்றுகூட மருந்தாகாமல் போகலாம். எம்.எஸ்சி.யோடு ஹைதராபாத், பெங்களூரு மருந்து நிறுவனங்களில் வேலைக்குப் போகலாம், தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது. இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று கேளுங்கள்: பிளஸ் டூ ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்தபோது அலுப்பாக இருந்ததா, இல்லை மணி அடித்தும் கிளம்ப மனம் வரவில்லையா? அலுப்பு என்றால் வேதியியல் வேண்டாம், நான் சொன்னதற்காகவும் சேர்க்காதீர்கள். நோயாளியோடு உட்கார்ந்து பேசத்தான் ஆசை என்றால், இன்னொரு முறை நீட் எழுதட்டும், அதுவும் வீட்டிலிருந்தே. கிளம்ப மனமில்லை என்றால் கலைக் கல்லூரி விண்ணப்பம் மூடுவதற்குள் போட்டுவிடுங்கள். மைத்துனரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.