கடைசி நாள் டிசம்பர் 15. சாரின் எல்ஓஆர் (பரிந்துரைக் கடிதம்) இன்னும் வரவில்லை!

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எம்.எஸ். விண்ணப்பிக்கிறேன். நான்குக்குக் கடைசி நாள் டிசம்பர் 15. மூன்று எல்ஓஆரில் இரண்டு வந்துவிட்டன. ப்ராஜெக்ட் கைடு மட்டும் "போட்டுடறேம்மா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அது வந்த பிறகு சப்மிட் செய்யலாமா? மறுபடி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: காத்திருக்காமல் சப்மிட் செய்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் கடைசி நாள் உங்கள் பங்குக்குத்தான்: படிவம், கட்டணம், எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் கட்டுரை), மதிப்பெண் பட்டியல். கடிதம் சில நாள் பிந்தினால் பல டிபார்ட்மெண்டுகள் சேர்த்துக்கொள்ளும். சப்மிட் ஆகாத அப்ளிகேஷனைத்தான் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தவிர, சில போர்ட்டல்கள் நீங்கள் சப்மிட் செய்த பிறகே கடிதம் கேட்டு ஆசிரியருக்கு மெயில் அனுப்பும். அங்கே நீங்கள் சாருக்காகக் காத்திருப்பீர்கள். சார் மெயிலுக்காகக் காத்திருப்பார். ஆனால் கடிதமும் அதே தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லும் இடங்களும் உண்டு, முக்கியமாக ஃபெலோஷிப் (உதவித்தொகை) விஷயத்தில். நான்கு டிபார்ட்மெண்டுகளின் அட்மிஷன் பக்கங்களையும் இன்றே படித்து, கறாரானவற்றைப் பட்டியலில் மேலே வையுங்கள்.

சார் தாமதிக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன், மெயில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். முகவரியில் ஓர் எழுத்து தவறியிருக்கலாம், ஸ்பேமில் கிடக்கலாம். அனுப்புநர் இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதால் விளம்பரம் என்று தள்ளியிருக்கலாம். அடிக்கடி நடப்பது வேறு: கடிதத்தை ஏற்ற எட்டு இடத்துக்கும் எட்டுத் தனி லிங்க் வரும் என்று தெரியாமல், ஒன்றில் ஏற்றிவிட்டு "அன்னிக்கே போட்டுட்டேனே" என்று இருப்பார்கள். போர்ட்டலில் ரிமைண்டர் பட்டன் இருந்தால் அழுத்துங்கள், மெயில் மீண்டும் போகும்.

இனி கோபம். "போட்டாச்சா சார்?" என்று தினமும் வாட்ஸ்அப் செய்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அதற்குப் பதில் ஒரே மெயிலில் ஒரு பட்டியல் அனுப்புங்கள்: பல்கலைக்கழகம், கடைசி நாள், மெயில் எந்த முகவரியிலிருந்து வரும், முடிந்ததா இல்லையா. ரெஸ்யூமே, எஸ்ஓபி, ப்ராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கம் மூன்றையும் இணையுங்கள். பிறகு நேரில் போய், "சார், லிங்க் எல்லாத்தையும் தேடி எடுத்துக் கொடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் அவர்களைப் பிழிந்தெடுக்கும். போதாக்குறைக்குக் கடிதத்தை ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. இந்த மாணவி முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று பல போர்ட்டல்கள் கட்டம் கட்டமாகக் கேட்கும். தள்ளிப்போடுவது பெரும்பாலும் இதனால்தான். லிங்க் திறந்ததும் அறையை விட்டு வந்துவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் டிக் செய்திருப்பீர்கள்.

சாரிடம் 12ஆம் தேதி என்றே சொல்லுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் 15ஆம் தேதி இரவு 11.59 என்பது நமக்கு 16ஆம் தேதி காலை 10.29. இந்தக் கணக்கு அவருக்குத் தெரிய வேண்டாம்!

12ஆம் தேதியும் தாண்டினால் மாற்று ஆள் வேண்டும். உங்களுக்கு லேப் எடுத்த, உங்கள் வேலையை நேரில் பார்த்த ஆசிரியரைக் கேளுங்கள். முகமே தெரியாத ஹெச்ஓடியின் கையெழுத்தை விட அது மேல். நான்காவது பெயரைச் சேர்க்கப் பல போர்ட்டல்கள் விடும். இரண்டு பேருமே அனுப்பிவிட்டால் நஷ்டமில்லை. சப்மிட் செய்த பின் பெயரை மாற்ற முடியாவிட்டால் டிபார்ட்மெண்டில் அட்மிஷன் வேலையைக் கவனிக்கும் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு மெயில் போடுங்கள். அப்ளிகேஷன் எண், எந்தக் கடிதம் பாக்கி, எந்தத் தேதிக்குள் வரும், அதுவரை இரண்டு கடிதங்களோடு பரிசீலிப்பார்களா: நான்கு வரி போதும். சாரைப் பற்றிய புகார் அதில் வேண்டாம்.

அவசரத்தில் சார் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து நீங்களே ஏற்றிவிடாதீர்கள். "நீயே எழுதிட்டு வாம்மா" என்று அவரே சொன்னாலும், ப்ராஜெக்டில் நீங்கள் செய்தவற்றைக் குறிப்புகளாக மட்டும் கொடுங்கள். பிடிபட்டால், கிடைத்த அட்மிஷனையே பிறகு ரத்து செய்யலாம்.