தானியத்தால் நமக்கு லாபமா, நட்டமா? கேள்வி பதில்

கல்லூரியில் தொல்லியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கருகிப்போன விதைகளும் பழைய எலும்புகளும்தான் என் பிழைப்பாக இருந்தன. தானிய விவசாயம் மனித குலத்துக்கு நல்லது செய்ததா, கெடுதல் செய்ததா என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

நெல்லைக்காரன்: மேடம், விவசாயம்தான் மனிதன் செய்த பெரிய தவறு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வேட்டையாடி, கிழங்கு தோண்டித் தின்ற காலத்தில்தான் நன்றாக இருந்தோமாம். விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கோபமே வந்துவிட்டது. உண்மையா?

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி சரி. கிரீஸ், துருக்கிப் பகுதிகளில் கிடைத்த எலும்புக்கூடுகளை அளந்ததில், வேட்டைக் காலத்தில் 5 அடி 9 அங்குலம் இருந்த ஆண்களின் சராசரி உயரம், விவசாயம் வேரூன்றிய பிறகு 5 அடி 3 அங்குலத்துக்கு இறங்கியிருந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் மேடு என்று ஓர் இடம். அங்கே மக்காச்சோளத்தை நம்பி வாழத் தொடங்கியவர்களின் பற்களில் எனாமல் வரிவரியாகக் குறைபட்டிருக்கிறது. சின்ன வயதில் பட்டினியோ காய்ச்சலோ வந்து வளர்ச்சி நின்ற தடம் அது.

வீடியோக்காரர் விட்டுவிட்ட மறுபாதி இதுதான்: அந்தக் குட்டையானவர்கள்தான் பெருகினார்கள். இடம் மாறி நடந்துகொண்டே இருக்கும் கூட்டத்தில் ஒரு தாயால் இடுப்பில் ஒரு பிள்ளையைத்தான் தூக்க முடியும். அடுத்தது மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடிந்தால் தாய்ப்பாலைச் சீக்கிரம் மறக்கடிக்கலாம், அடுத்த பிள்ளையும் சீக்கிரம் வரும். ஆளைப் பார்த்தால் நட்டம், தலையை எண்ணினால் லாபம். யாருக்கு நல்லது என்று சேர்த்துக் கேட்காவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்பது என் கட்சி.

மீனா: நட்டம் என்றால் எதற்காக அதில் போய் விழுந்தார்கள்?

யாரும் கூடிப் பேசி முடிவெடுத்து விழவில்லை. 1960களில் ஜாக் ஹார்லன் என்ற தாவரவியலர் துருக்கியின் மலைச்சரிவில் காட்டுக் கோதுமையைக் கல் அரிவாளால் அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஒரு கிலோ சுத்தமான தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் வருடம் முழுக்கச் சாப்பிட்டும் மிஞ்சும் என்பது அவர் போட்ட கணக்கு. விதைக்காமல், களை எடுக்காமல் இவ்வளவு கிடைத்தால் யார் விடுவார்கள்? கலிலேயக் கடலோரம் ஓஹாலோ என்ற இடத்தில் 23,000 வருடத்துக்கு முன்பே காட்டு பார்லியை அரைத்திருக்கிறார்கள்.

காட்டுக் கதிர் முற்றினால் தானாக உதிர்ந்துவிடும். உதிராத கதிர் எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். அரிவாளோடு போகிறவர் கையில் அந்த உதிராததுதான் அதிகம் சேரும், அடுத்த விதைப்புக்கும் அதுவே போகும். அப்படி உதிராத ரகம் நிலைக்க ஆயிரம், இரண்டாயிரம் வருடம் ஆயிற்று. எந்தத் தலைமுறைக்கும் தான் மாறிக்கொண்டிருப்பது தெரிந்திருக்காது. அதற்குள் ஊரில் ஆள் கூடிவிட்டது. திரும்பிப் போகலாம் என்றால் அத்தனை வாய்க்கும் காடு காணாது.

கயல்: அக்கா, எல்லாரும் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அரைத்தது, புடைத்தது, ஆக்கியது யார்?

இதற்காகவே காத்திருந்தேன் கயல். சிரியாவில் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரேரா என்று ஒரு மேடு. முதலில் வேட்டைக்காரர்கள் குடியிருந்த ஊர். நூற்றுக்கும் மேற்பட்ட செடிவகைகளைப் பறித்துத் தின்றிருக்கிறார்கள் என்று கருகிய விதைகள் சொல்கின்றன. பிறகு அதே ஊர் விவசாய ஊராயிற்று, தட்டில் ஏறும் வகைகள் குறைந்துவிட்டன. அங்கே கிடைத்த எலும்புகளைத் தேயா மோலிசன் என்ற ஆய்வாளர் பார்த்தார். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து வீங்கியிருந்தது. முழங்காலில் எலும்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. முதுகின் அடி முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. பெரும்பாலும் பெண்களின் எலும்புகள்.

காரணம் அரைக்கும் கல். தரையில் கிடக்கும் சாய்வான கல்லின் முன் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, இரண்டு கையாலும் குழவியைத் தள்ளி இழுக்க வேண்டும். நம் வீட்டு அம்மியும் அந்தச் சாதிதான். ஆனால் அம்மியில் நாம் அரைப்பது ஒரு குழம்புக்கான மிளகாயும் தேங்காயும். அவர்கள் அரைத்தது குடும்பத்தின் அன்றைய முழுச் சாப்பாட்டை, தினமும், மணிக்கணக்கில்.

ஒரு பயிலரங்கில் நானும் அப்படி மண்டியிட்டு அரைத்துப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் ஒன்றரைக் கைப்பிடி மாவு, அதிலும் பாதி குருணை. குழவி கீழே போகும்போது உடம்பு முழுக்கக் கூடவே போகிறது, பெருவிரல்தான் அதைத் தாங்கி நிறுத்துகிறது. எழுந்தபோது பக்கத்திலிருந்த மாணவி கைகொடுக்க வேண்டியதாயிற்று. மாவை நாக்கில் வைத்தால் நறநறவென்று கல்துகள். அந்த ஊர்க்காரர்களின் பற்கள் தேய்ந்து உடைந்திருந்ததற்கும் இதுதான் காரணம்.

ஆகவே நல்லதா, கெட்டதா என்று கேட்கும்போது நான் முதலில் அந்த முழங்கால்களைத்தான் நினைப்பேன்.

தனிக்காட்டு ராஜா: அரசாங்கம், வரி எல்லாம் தானியத்தால்தான் வந்தது என்கிறார்களே?

தானியத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தானியம் வரிக்காரனுக்கு ரொம்ப வசதி. கிழங்கு மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். கதிர் அப்படியில்லை. எல்லார் கண்ணிலும் படும், ஒரே சமயத்தில் முற்றும், அளக்கலாம், வருடக்கணக்கில் சேர்த்துவைக்கலாம். மெசொப்பொத்தேமியாவில் 5,000 வருடத்துக்கு முந்தைய களிமண் பலகைகளில் நிறைய பார்லிக் கணக்குதான். நம் தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் படித்துப் பாருங்கள். எந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும், எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பது வரை வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான்.

சுகர்நாதன்: அப்போ சோறே விஷம்தானே? விட்டுவிடலாமா?

விஷம் இல்லை சார். தானியத்தைவிட அதை நாம் படுத்திய பாடுதான் பல சமயம் வினையானது. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில், மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி என்ற, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய் வந்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. 1905-06ல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள், புழுங்கல் தின்றவர்களில் ஒருவரும் இல்லை. (இன்றைக்கு அப்படியொரு சோதனைக்கு எவரும் அனுமதி தர மாட்டார்கள்.) நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் (வைட்டமின் பி1) சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்து குறைந்தால்தான் பெரிபெரி வரும், அவ்வளவுதான். உங்கள் சர்க்கரைக்கு எவ்வளவு சோறு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

பேர் வேண்டாம்: வரகு, சாமைக்கு மாறினால் இந்தப் பாவமெல்லாம் கழியுமா?

அதுவும் தானியம்தான். உரலும் உலக்கையும் யார் கையில் இருந்தன என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள்.

நெல்லைக்காரன்: கடைசியாக ஒன்று மேடம். அபு ஹுரேராவை நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது தம்பி. 1972, 73 என்று இரண்டே பருவம்தான் அங்கே தோண்டக் கிடைத்தது. அப்புறம் தப்கா அணையின் நீர் ஏறி ஊர் முழுகிவிட்டது, இப்போது அது அசாத் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அணை எதற்குக் கட்டினார்கள் என்கிறீர்களா? மின்சாரத்துக்கு, அப்புறம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச.