அஸ்லானைப் பிள்ளைகள் படிக்கலாமா?

பதின்வயதினருக்கான கிறிஸ்தவக் கற்பனைக் கதைகளைப் பற்றி நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பை நடத்துகிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, பன்னிரண்டு வயது மகள் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதையை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். அதில் சூனியக்காரி வருகிறாளாம். உபாகமம் 18-ஆம் அதிகாரம் சூனியத்தைத் தடுக்கிறதே?

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. ஆனால் சூனியம் கதையில் வருகிறதா என்பதோடு நிற்காமல், அது பிள்ளைக்கு ஆசை காட்டுகிறதா என்றும் பாருங்கள். 1950-இல் வெளிவந்த முதல் கதையில் நார்னியா என்ற கற்பனை நாட்டில் சூனியக்காரியின் ஆட்சி, எப்போதும் பனிக்காலம். கிறிஸ்துமஸ் மட்டும் வருவதே இல்லை. எட்மண்ட் என்ற சிறுவன் அவள் தரும் மிட்டாய்க்காகக் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். துரோகியின் உயிர் அவளுக்கு உரியது என்பது அந்நாட்டுச் சட்டம். அவனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் போய்க் கல்மேடையில் படுக்கிறது. பிடரிமயிரை மழித்து, கட்டிப்போட்டு, கேலி செய்து கொல்கிறார்கள். விடியும்போது கல்மேடை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சிங்கம் உயிரோடு நிற்கிறது. இதைப் படித்த பிள்ளை சூனியக்காரியாக ஆசைப்படுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. மகளோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள்.

நார்னியாக் கதைகளின் ஏழு புத்தகங்களை எந்த வரிசையில் படிப்பது, அண்ணா?

அச்சான வரிசையில் படி, தம்பி. கதைக்காலப்படி படிக்கலாம் என்று லூயிஸே 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதினார். அதில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. முதல் கதையில் அஸ்லான் யாரென்று தெரியாமலே அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு உள்ளே என்னவோ செய்கிறது. 1955-இல் வந்த முன்கதையை முதலில் படித்துவிட்டால் அந்தச் சிலிர்ப்பு போய்விடும்.

நானும் ஞாயிறு பள்ளி ஆசிரியைதான். கரும்பலகையில் 'அஸ்லான் என்றால் இயேசு' என்று எழுதி ஒவ்வொன்றாக விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எங்கே தவறினேன்?

விளக்கத்தை முந்திக்கொண்டு கொடுத்துவிட்டீர்கள், சகோதரி. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி எப்படிப் பேசினார் என்று நினைத்துப் பாருங்கள். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னார். ராஜாவுக்குக் கோபம் மூண்ட பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்றார். முதல் வரியிலேயே அதைச் சொல்லியிருந்தால் தாவீது காதைப் பொத்திக்கொண்டிருப்பான். கிறிஸ்துவின் பாடுகளை எண்ணி இப்படித்தான் உருக வேண்டும் என்று சிறுவயதில் சொல்லப்பட்டதாலேயே தமக்கு உருக முடியாமல் போனது என்று லூயிஸும் எழுதியிருக்கிறார். தம் கதைகள் உருவகக் கதைகள் அல்ல என்பதும் அவர் வாதம். நார்னியா போல் ஓர் உலகம் இருந்து, தேவகுமாரன் அங்கே போனால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்ததாகவே சொன்னார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். நார்னியா வரிசையில் 1952-இல் வந்த கடற்பயணக் கதையில் யூஸ்டஸ் என்ற சிடுமூஞ்சிப் பையன், புதையல்மேல் பேராசையோடு தூங்கி எழும்போது டிராகனாக மாறியிருப்பான். தோலைத் தானே உரிப்பான். உள்ளே இன்னொரு தோல். மூன்று முறை உரித்தும் அப்படியேதான். கடைசியில் சிங்கமான அஸ்லான், "நான் உரிக்க வேண்டும்" என்று நகத்தை வைக்கும். முதல் கிழிப்பே இதயம்வரை இறங்கியது போல் வலித்தது என்பான் அவன். பிறகு அது அவனைத் தண்ணீரில் தூக்கிப் போடும். இந்தப் பகுதியை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவேன். ஒருமுறை நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "அவனால் ஏன் தானே உரித்துக்கொள்ள முடியவில்லை?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மீதி நேரம் முழுவதும் பிள்ளைகளே பேசினார்கள்.

டோல்கீன் கிறிஸ்தவர் என்கிறார்கள். அவர் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையில் ஆலயமும் இல்லை, ஜெபக்கூட்டமும் இல்லையே?

அவர் உறுதியான கத்தோலிக்கர். 1954-55-இல் வெளிவந்த அந்தக் கதையில் விசுவாசம் வெளியே தெரியாமல் வேரில் ஓடுகிறது. தீய மோதிரம் அழியும் நாளைப் பாருங்கள்: மார்ச் 25, இயேசு பிறப்பார் என்று தேவதூதன் மரியாளுக்குச் சொன்னதை நினைவுகூரும் மங்கள வார்த்தைத் திருநாள். அதைவிட முக்கியமானது, கடைசி நொடியில் கதாநாயகன் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான். அழிக்கக் கொண்டுவந்த மோதிரத்தைக் கைவிட மனம் வருவதில்லை. கொல்லாமல் இரக்கப்பட்டு விட்டுவைத்த கோலம் என்ற அற்பப் பிறவியால்தான் காரியம் முடிகிறது. தன்னை வென்றுவிட நினைத்துத் தோற்ற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டிலும் நல்ல கதை எனக்குத் தெரியாது.

தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா?

ஏன் இல்லை? ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்த மோட்சப் பயணக் கதையைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தையே பாடினார், 1894-இல் அச்சானது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறியவர் அவர். பிள்ளைகளுக்குச் செய்யுள் கடினம்தான். கதையை உரைநடையில் சொல்லிவிட்டு, இடையிடையே நாலு பாட்டைப் பாடிக் காட்டுங்கள்.

அண்ணா, எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஊர்க் குளத்துக்கு அடியில் ஒரு ராஜ்யம் இருப்பதாகக் கதை எழுதுகிறேன். முடிவில் கதாநாயகி மூன்று பக்கம் பிரசங்கம் செய்கிறாள். படித்தவர்கள் அந்த இடம் அலுப்பாக இருக்கிறது என்கிறார்கள்.

குளத்துக்கு அடியில் ராஜ்யம் என்றதுமே எனக்குப் படிக்க ஆசை வந்துவிட்டது, தங்கச்சி. அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துத் தனியாக வை. அவள் பிரசங்கத்தில் எதைச் சொல்கிறாளோ, அதைச் செய்ய அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடு. மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறாள் என்றால், மன்னிக்கவே முடியாத ஒருவன் நள்ளிரவில் நனைந்துபோய் அவள் வீட்டுக் கதவைத் தட்டட்டும். திறப்பதற்குள் அவள் கை எவ்வளவு நேரம் தாழ்ப்பாளிலேயே இருந்தது என்று எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன்.